பூக்கட்டிப் பார்த்த மருத்துவம்

ஒரு காசநோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யலாமா? எங்கள் சைவ சித்தாந்த வகுப்பில் அளவைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது இதைக் கேட்டேன். ஐயா கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, "நோயாளி என்ன லாட்டரிச் சீட்டாம்மா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நான் கற்பனையாகக் கேட்கவில்லை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் அப்படிச் சீட்டுப் போட்டார்கள். அதிலிருந்து வந்த விடைதான் ஆரணித் தெருக்களில் என்னைப் பாதி ஆயுசு நடக்க வைத்தது. காசநோய்ப் பிரிவில் ஹெல்த் விசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளி வீட்டுக்குப் போய் மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்ப்பது வேலை. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்று எங்கோ யாரோ முடிவு செய்யாவிட்டால் அப்படி ஒரு வேலையே கிடையாது.

எதை வைத்து ஒன்றை உண்மை என்று கொள்கிறோம் என்ற விசாரணைதான் அளவை. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் சுபக்கம் அதில்தான் தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை என்று முக்கியமாக மூன்று வழி. கண்ணால் கண்டதுதானே என்று காட்சியைக்கூட அவர் சும்மா விடவில்லை. ஐயமும் திரிபும் கலந்த காட்சி கணக்கில் சேராது என்று வடிகட்டுகிறார். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் கயிறும் பாம்பும் நினைவுக்கு வந்திருக்கும். எனக்குச் சானடோரியம் வந்தது.

தாம்பரத்துக்கு முந்திய ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோய்க்காரர்களுக்கென்று ஓர் இடம் அமைத்தார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இதே மாதிரி ஒன்றை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தது அவரிடம்தான். அந்தக் காலத்து வைத்தியம் ஓய்வு, காற்று, சாப்பாடு, இவ்வளவுதான். குளிர்காலத்திலும் ஜன்னலைச் சாத்தக் கூடாது. நடக்காதே, அதிகம் பேசாதே, படு. பால், முட்டை, வெண்ணெய். இங்கிலாந்துச் சானடோரியங்களின் குளிரும் ராமானுஜனுக்கு ஒத்துவரவில்லை, சாப்பாடும் ஒத்துவரவில்லை. ஊர் திரும்பி 1920 ஏப்ரலில் இதே சேத்துப்பட்டில் இறந்துபோனார். அவருக்கு இருந்தது காசநோயாக இருக்காது, ஈரலைத் தாக்கிய அமீபாவாக இருக்கலாம் என்று 1994-இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து எழுதினார். காசநோய் என்று சொன்ன டாக்டர்களும் கண்ணால் பார்த்துத்தான் சொன்னார்கள்.

சானடோரியம் பலன் தருகிறது என்பதும் கண்ணால் கண்டதே. எலும்பும் தோலுமாக வந்தவர் சில மாதத்தில் கன்னம் பூரித்து வீட்டுக்குப் போவார். டாக்டர் பார்த்தார், நர்ஸ் பார்த்தார், குடும்பமே பார்த்தது. இதற்கு மேல் சாட்சி எதற்கு என்றுதான் தோன்றும். முற்றிப்போன நோயாளியைப் பல சானடோரியங்கள் சேர்த்துக்கொள்வதே இல்லை. தேறக்கூடியவர்களைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, தேறிவிட்டார்கள் என்று மகிழ்ந்தால் அது என்ன காட்சி? படுக்கை கிடைக்காமல் வாசலோடு திரும்பியவர்களில் எத்தனை பேர் தானாகத் தேறினார்கள், பூரித்த கன்னத்தோடு போனவர்களில் எத்தனை பேர் ஊரில் மறுபடி இருமினார்கள் என்பதெல்லாம் அந்தக் காட்சிக்குள் வரவே இல்லை. பொய் சொன்னவர் யாரும் இல்லை. எல்லாரும் உண்மையாகப் பார்த்தார்கள், ஒரு பக்கத்தை மட்டும்.

பிறகு மருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில் பிரிட்டனில் அது கொஞ்சமே இருந்தது. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞரின் ஏற்பாட்டில், யாருக்கு மருந்தும் ஓய்வும், யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மூடிய உறைகளுக்குள் போட்டு வைத்தார்கள். நோயாளி வந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். மருந்து கிடைத்த 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் கிடைத்த 52 பேரில் 14 பேர். 1948-இல் இது வெளிவந்த பிறகு உலகம் முழுக்க மருந்துகளைச் சோதிக்கும் முறையே மாறியது. அந்த 52 பேருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது. எப்படியும் எல்லாருக்கும் மருந்து போதாது, சிபாரிசில் கொடுப்பதைவிடச் சீட்டில் கொடுப்பது நியாயம் என்று வாதம் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பழகியவர்களுக்குச் சிபாரிசு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. அவர்களிடம் சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

சேத்துப்பட்டுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956-இல் அங்கே ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் தலைமை. ஐசோநயாசிட், பாஸ் என்று வாயால் விழுங்கும் மருந்துகள் வந்துவிட்ட காலம். நாட்டில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. அப்படியானால் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தால் என்ன? கூரை வீட்டில், ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கும் அறையில், கஞ்சியைக் குடித்துக்கொண்டு? டாக்டர்களுக்கு அது அபத்தமாகப் பட்டிருக்கும். நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்துச் சீட்டுமுறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி வீட்டுக்கு. இரண்டு பாதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். பாஸ் சாப்பிட்டவர் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சொட்டினால் நிறம் மாறும். சாப்பிட்டேன் என்று வாய் சொல்வதைச் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐயாவின் கேள்வி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணெதிரே ஒருவர் இருமுகிறார், படுக்கை காலியாக இருக்கிறது, சீட்டு வீடு என்கிறது. அனுப்பலாமா?

என் பாட்டி பூக்கட்டிப் பார்ப்பதில் கறார்க்காரி. ஊரில் யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும், யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அம்மன் சன்னதிக்குப் போகும்போது பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். செவ்வரளி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று. இரண்டையும் வெளியே தெரியாதபடி ஒரே அளவு இலையில், ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்ற வேண்டும். மடித்தவர் எடுக்கக் கூடாது. விஷயம் தெரியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சிவப்பு வந்தால் இது, வெள்ளை வந்தால் அது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிரித்த பிறகு அர்த்தம் மாற்றக் கூடாது. மனசுக்குப் பிடிக்காத பூ வந்தால் இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் மெல்ல இழுப்பார்கள். பாட்டி தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளிடம் இன்னொரு சட்டமும் உண்டு. தெரிந்த விஷயத்துக்குப் பூ கேட்கக் கூடாது. பாம்பு கடித்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதா என்று பூ கேட்பவன் பக்தன் இல்லை, கொலைகாரன் என்பாள்.

பின்னாளில் மருத்துவ ஆய்வுக்கான விதிமுறைகளை ஒரு பயிற்சியில் கேட்டபோது எனக்குப் பாட்டியின் குரல்தான் கேட்டது. எதைப் பலன் என்று எடுத்துக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது, யாருக்கு எது விழும் என்பதை மறைத்து வைப்பது, முடிவு பிடிக்கவில்லை என்று அளவுகோலை மாற்றாமல் இருப்பது, எது மேல் என்று நிஜமாகவே தெரியாதபோது மட்டும் சீட்டுப் போடுவது. ஐயா இதைக் கேட்டுவிட்டு விடவில்லை. "அங்கே அம்மன் பதில் சொல்கிறாள். இங்கே யார்?" என்றார். நியாயமான கேள்வி. ஆய்வில் சீட்டு பதில் சொல்வதில்லை. நம்முடைய கையை விலக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. டாக்டர் கையில் விட்டால் ரொம்ப முடியாதவரைச் சானடோரியத்துக்கும், தெம்பாக இருப்பவரை வீட்டுக்கும் அனுப்புவார். அது இரக்கம்தான். அந்த இரக்கமே பிறகு கணக்கைக் கெடுத்துவிடும். கை விலகிய பிறகு, இரண்டு பக்கமும் நடப்பதை ஒரு வருஷம் பொறுத்திருந்து பார்க்கிறோமே, பதில் அங்கேதான் கிடைக்கிறது.

பொறுத்திருப்பது என்ற இடத்தில் எனக்கு உமாபதி சிவம் துணைக்கு வருகிறார். அவருடைய திருவருட்பயனில் இருள்மலநிலை என்றொரு அதிகாரம். இருட்டு பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருட்டு என்பதைக் காட்டிக்கொள்ளும். ஆணவமலம் பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. நாள்பட்ட வழக்கம் ஒன்று தவறாக இருக்கும்போது அது இப்படித்தான் இருக்கிறது. சானடோரியம் நடத்தியவர்கள் எவரும் தாங்கள் இருட்டில் இருப்பதாக நினைக்கவில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. அறியாமை என்றால் எனக்குத் தெரியாது என்று தவிக்கிற நிலை என்று நாம் நினைக்கிறோம். அது பாதி விடிந்த நிலை. முழு அறியாமை வெகு நிம்மதியாக, எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்த நிமிஷம், இருட்டு தன்னைக் காட்டிக்கொடுத்த நிமிஷம். கௌதமரின் நியாய சூத்திரம் அடுக்கும் பதினாறு பதார்த்தங்களில் ஐயத்துக்கு மூன்றாம் இடம் கொடுத்திருக்கிறது. விசாரணைக்கு அது வாசற்படி. எங்கள் வகுப்பில் ஐயம் என்றால் குறை என்ற அளவில் விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆகவே அனுப்பலாம் என்பது என் பதில், பாட்டியின் சட்டத்தோடு. எது மேல் என்று தெரியாமலிருந்தும் தெரிந்த மாதிரி எல்லாரையும் ஒரே வழியில் ஓட்டுவதும் சோதனைதான். அதில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவே. சீட்டுப் போட்டவர்களாவது எண்ணினார்கள்.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் விடை வந்தது. ஒரு வருஷ முடிவில், கிருமி அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. பெரிய வித்தியாசம் என்று சொல்ல இடமில்லை. பின்னர் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே நின்றன. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வந்ததா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. நோய் ஒட்டவேண்டியது மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது. சானடோரியக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது. மருந்து மட்டும் ஒன்றாக இருந்தால் போதும், கிருமி அடங்குகிறது. உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் இந்தச் சேத்துப்பட்டு முடிவுக்கு நல்ல பங்கு உண்டு. வருஷக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து கிடந்தவர்களுக்கு அது விடுதலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கோளாறு அதற்குப் பிறகு நேர்ந்தது, அதுவும் ஆய்வுக்கு வெளியே. மருந்து இருக்கும்போது சானடோரியத்துச் சாப்பாடும் ஓய்வும் கிருமியை அடக்கக் கூடுதலாக உதவுகிறதா என்பதுதான் கேட்ட கேள்வி. பெரிதாக உதவவில்லை என்று விடை. அது கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும்போது, சாப்பாடு ஒரு பொருட்டில்லை என்று ஆகிவிட்டிருந்தது. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த வாக்கியம் இது. தனிச் சாப்பாடு தேவையில்லை, எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள். அந்த ஒரு வரியால் பட்ஜெட்டில் எவ்வளவு மிச்சம்! ஏழை நாட்டுக்கு அதைவிட இனிப்பான விடை கிடைத்திருக்காது. இனிப்பாக இருந்த காரணத்தாலேயே அதை மறுபடி ஒருமுறை உரசிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆரணியைச் சுற்றி அரிசி ஆலைகள் அதிகம். புழுங்கல் அவிக்கிற மில் ஒன்றின் களத்தில் ஓர் அம்மாளுக்கு நான் மாத்திரை கொடுத்துவந்தேன். அப்போது திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் முறை. (பிறகு அதுவும் மாறி, தினமும் என்று ஆனது. மாறும் என்று சொன்னால் அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.) அவர் பெயர் எழுதிய சிவப்புப் பெட்டி, அதில் ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. அவிந்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பி, காலைத் தேய்த்துத் தேய்த்து வரிவரியாகக் கிளறிக்கொண்டே போவார்கள். அந்தச் சூட்டில் பாதம் எல்லாம் வெடித்திருக்கும். அவர் வரியை முடித்துவிட்டு வந்து, தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து பிடித்து, ஏழையும் ஒவ்வொன்றாக விழுங்குவார். மூன்றாவது வாரமோ என்னவோ, விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாத்திர போட்ட பிற்பாடு பசி எடுக்குது சிஸ்டர். முன்னல்லாம் பசியே இல்ல, அது ஒரு நிம்மதியா இருந்துச்சு. இப்ப வூட்ல இன்னா கீது துன்றதுக்கு?"

மருந்து வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம் பசி. நோய் தின்றுகொண்டிருந்த உடம்பு மீண்டு வந்து தன் பங்கைக் கேட்கிறது. எங்கள் அட்டையில் பக்கவிளைவு என்று ஒரு கட்டம் இருக்கும். வாந்தி, மூட்டுவலி, கண் மஞ்சள், சிறுநீர் சிவப்பு என்று எதை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பசி என்று எழுத இடமில்லை. நெல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னார் என்பதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. மில்லில் குருணை கொடுப்பார்கள், அதுவும் கூலியில் பிடித்துக்கொண்டுதான்.

அந்த வீட்டில் பிறகு அவர் மகளுக்கும் வந்தது. வினை என்றார் மாமியார். நான் சித்தாந்தம் படிப்பவள், வினையை மறுக்கிறவள் இல்லை. ஆனால் எதை வினையின் கணக்கில் எழுதுகிறோம் என்பதில் நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

2019-இல் ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்கள் முன்னின்று செய்தது. சேத்துப்பட்டு மையம் வளர்ந்து உருவான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் கூட்டு. ஏறக்குறைய 2800 நோயாளிகள், அவர்கள் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேல். பாதிப் பகுதிகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மீதிப் பகுதிகளில் குடும்பத்தாருக்கு அது கிடையாது. எந்தப் பகுதி எதில் என்பதைச் சீட்டுமுறைதான் தீர்மானித்தது. 2023 ஆகஸ்டில் முடிவு வெளிவந்தது. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் போட்டால் இந்த அளவு குறைகிறதென்றால், அந்தப் பங்கை வினை என்று எழுதியது யார் பேனா?

எண்ணிக்கையைவிட என்னை நிறுத்தி வைத்தது அந்த ஆய்வின் இன்னோர் ஏற்பாடு. நோயாளிகளுக்கு உணவு கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் சீட்டுப் போடவே இல்லை. இரண்டு பக்கத்து நோயாளிகளுக்கும் அரிசி, சத்துமாவு, பால் பவுடர், எண்ணெய் என்று மாதம் பத்துக் கிலோ பை போயிற்று. நாற்பது கிலோவுக்கும் கீழே வந்து நிற்கும் மனிதருக்குச் சோறு வேண்டும் என்பது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்துக்குப் பூ கேட்கக் கூடாது. அப்படிக் கொடுத்ததிலும் ஒன்று தெரிய வந்தது: முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. குடும்பத்தாருக்குக் கொடுக்காமல் விட்ட பாதியைப் பற்றி எனக்கு முழு நிம்மதி இல்லை. வகுப்பில் ஐயா அதைத்தான் பிடித்துக்கொண்டார். பசிப்பவருக்குச் சோறு போட ஆராய்ச்சி எதற்கு, அறம் போதாதா என்றார். போதும். ஆனால் அறம் என்று சொன்னால் கோப்பு நகரவில்லை, 39 என்று சொன்ன பிறகு நகர்ந்தது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் ஆராய்ச்சி செய்தவர்கள் இல்லை.

செங்கல்பட்டு பி.சி.ஜி. சோதனையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கான பேருக்கு நடந்தது, அந்த வகையில் உலகத்திலேயே பெரியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. ஆனாலும் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். குழந்தைகளைக் கொல்லும் மூளைக் காசநோய் போன்றவற்றிலிருந்து அது காக்கிறது. ஊசி அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி நாம் அடித்த தம்பட்டம் மட்டும் சிறுத்துவிட்டது. சாப்பாட்டு விஷயத்திலும் இந்த நிதானம் இருந்திருக்கலாம்.

படுக்கையும் திரும்பி வந்திருக்கிறது, எல்லாருக்குமாக இல்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் கண்டுபிடித்ததும் எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால்வீக்கம் பார்ப்பார்கள். யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று நிற்கச் சொல்வார்கள். நிலைமை மோசம் என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒரு கருவியும் வேண்டாம். வீட்டு வைத்தியமே எல்லாருக்கும் போதும் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நிற்க முடியாதவர்களும் அந்த எல்லாருக்குள் இருந்தார்கள். ஒரு பழைய வழக்கத்தை உடைத்த விடை, தானே ஒரு வழக்கமாகி, தன்னைக் காட்டிக்கொள்ளாத இருட்டாக அறுபது வருஷம் உட்கார முடிகிறது.

இப்போது எனக்குள்ள சந்தேகம் வேறு. ஜார்க்கண்டில் வீட்டுக்குப் போனது அரிசியும் பருப்பும். அரசுத் திட்டத்தில் போவது பணம். 2018-இலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய், வங்கிக் கணக்கில் நேராக விழும். கணக்கு யார் பேரில் இருக்கிறது, ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பையில் பருப்புக் கொடுத்தால் அது ரேஷன் கடை வரிசையில் நாலு பேர் முன்னால் தன் நோயைச் சொல்லிக்கொண்டு நிற்பதாகவும் ஆகலாம். பணத்தில் அந்த வெட்கம் இல்லை. எது மேல்? இதற்குத் தாராளமாகப் பூக்கட்டலாம். ஒரு வட்டாரத்துக்குப் பை, ஒரு வட்டாரத்துக்குப் பணம், இரண்டு வருஷம் கழித்து எடையைப் போட்டுப் பார்ப்பது. இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று போய்ச் சேருகிறது, என் மனசு கூசாது.

வகுப்பில் இதைச் சொன்னபோது, பின் வரிசையில் உட்காரும் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் குறுக்கே வந்தார். இதற்கெல்லாம் சோதனை எதற்கு, பருப்பாகக் கொடுத்தால் கடையில் விற்றுவிடுவார்கள் என்றார். "பணமாகக் கொடுத்தால் சார்?" என்றேன். குடித்துவிடுவார்கள் என்றார். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் என்று கேட்டேன்.

"அதை எண்ணிப் பார்க்கணுமாம்மா? தெரிஞ்சதுதானே!"